வாலை வெட்டிவிட்டுப் படிப்பிக்கிறோம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. தீவகத்தில் பிள்ளை படிக்கிற வீட்டார் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வெளிநாட்டில் இருக்கிற உறவுகளும் வாசியுங்கள், உங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன்னம் ஒருநாள், மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்த நேரம், பக்கத்து ஒழுங்கையிலிருந்து அழுகைச் சத்தம். ஒரு பொடியன் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். "சேர், ஒருக்கா ஓடி வாங்கோ. லண்டனில மாமா செத்துப்போனார்."

போனேன். எனக்குத் தெரிந்த அம்மாதான். எழுபது தாண்டியவர். நிலத்தில் இருந்து தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். "என்ர பிள்ளை போட்டானே தம்பி" என்று என் கையைப் பிடித்தார். சுற்றிவர சனம். ஒருவர் உறவுகளுக்குப் போன் அடிக்கத் தொடங்கிவிட்டார். இன்னொருவர் பத்திரிகையில் மரண அறிவித்தல் போடுவதைப் பற்றிக் கதைக்கிறார்.

"யார் சொன்னது?" என்று கேட்டேன். லண்டனில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளை வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போட்டிருக்கிறான். அவனுக்குத் தமிழ் எழுத வராது. ஆங்கிலத்தில் நான்கு வரி. அதை வாசித்து விளங்கப்படுத்தியது வீட்டில் இருக்கிற பிள்ளை, உயர்தரம் படிக்கிறாள். போனை வாங்கிப் பார்த்தேன்.

"அப்பம்மா, டாட் பாஸ்ட் அவுட் அட் வேர்க். தே ஹாவ் டேக்கன் ஹிம் இன். மம் இஸ் வித் ஹிம். வில் கோல் பாக் வென் ஹி கம்ஸ் ரவுண்ட்."

இரண்டு தரம் வாசித்தேன். பிறகு சொன்னேன்: "அம்மா, அழாதேங்கோ. மகன் உயிரோட இருக்கிறார். வேலையில மயங்கி விழுந்திட்டார். ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கினம். மருமகள் பக்கத்தில நிக்கிறா. மயக்கம் தெளிஞ்ச உடன திருப்பிக் கோல் எடுப்பன் எண்டு பேரன் போட்டிருக்கிறான்."

ஒருவரும் நம்பவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து மகனே கோல் எடுத்துக் கதைத்த பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு மூட்டினார்கள். சீனி குறைந்து மயங்கியிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், இப்போது நலம்.

அந்தப் பிள்ளை அறை மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். கூடியிருந்தவர்களில் ஒருவர், "என்னடி ஆங்கிலம் படிச்சனி?" என்று ஏசினார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏனென்றால் சாதாரண தரத்தில் அவளுக்கு ஆங்கிலத்தில் பி சித்தி. அவளுக்கு ஆங்கிலம் படிப்பித்தது நான்.

அவள் எங்கே பிழை விட்டாள் என்று பாருங்கள். "பாஸ்ட்" என்றால் காலமானார். முகநூலில் தினமும் "பாஸ்ட் அவே" என்று பார்க்கிறாளே. "டேக்கன்" என்றால் கொண்டுபோய்விட்டார்கள். "கம்ஸ் ரவுண்ட்" என்றால் சுற்றி வருகிறது. உடலை வைத்த வாகனம் சுற்றி வருகிறதாக்கும் என்று நினைத்திருக்கிறாள். அந்த மெசேஜில் அவளுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. பாஸ், அவுட், டேக், இன், கோல், பாக், கம், ரவுண்ட் எல்லாம் ஆறாம் தரத்துப் பிள்ளைக்கே தெரிந்த சொற்கள். எல்லாச் சொல்லும் தெரிந்தும் செய்தி தெரியவில்லை. இதைத்தான் நான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு உண்மையும் சொல்லவேண்டும். இரண்டு தரம் வாசித்தேன் என்றேனே, முதல் தரம் வாசிக்கும்போது எனக்கே ஒரு கணம் தடுக்கியது. எங்கள் நாட்டில் "பாஸ் அவுட்" என்றால் பயிற்சிக் கலாசாலையோ கம்பஸோ முடித்து வெளியேறுவது. "நான் இன்ன வருடம் பாஸ் அவுட்" என்று ஆசிரியர் அறையில் தினமும் சொல்கிறோம். பொலிஸ், இராணுவத்தில் பயிற்சி முடித்தால் "பாசிங் அவுட் பரேட்". லண்டனில் வீட்டுப் பேச்சில் அதே இரண்டு சொல்லுக்கு மயங்கி விழுவது என்று பொருள். அவே என்றால் மரணம். அவுட் என்றால் மயக்கம். ஒரு சின்னச் சொல்லில் ஒரு மனிதனின் உயிர் நிற்கிறது.

ஆங்கிலத்தில் இவற்றுக்குப் பெயர் பிறேசல் வேர்ப். ஒரு சாதாரண வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொள்ளும். அது வினையடையாக இருக்கலாம், முன்னிடைச்சொல்லாக இருக்கலாம், சில நேரம் இரண்டும் சேர்ந்து வரலாம். ஒட்டிய பிறகு பொருள் தலையில் இல்லை, வாலில். நாங்கள் என்ன செய்கிறோம்? தலையை மட்டும் படிப்பிக்கிறோம். "லுக்" என்றால் பார், "ஆஃப்டர்" என்றால் பிறகு. ஒரு மாணவன் பரீட்சையில் "ஐ லுக் ஆஃப்டர் மை கிராண்ட்மதர்" என்பதற்கு "நான் அம்மம்மாவைப் பிறகு பார்க்கிறேன்" என்று தமிழ் எழுதினான். ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

இது எங்கள் பிள்ளைகளின் மண்டைக் கோளாறு என்று நினைக்கவேண்டாம். ஆங்கில அகராதிக்காரர் சாமுவேல் ஜோன்சன் 1755இல் தன் பெரிய அகராதியை வெளியிட்டபோது அதன் முன்னுரையிலேயே இதைச் சொல்லிவிட்டார். வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றுகிற இந்தப் பழக்கம்தான் வெளியாருக்கு மிகப் பெரிய இடைஞ்சல் என்பது அவருடைய கருத்து. பிறேசல் வேர்ப் என்ற பெயரே வெகு பிந்தித்தான் வந்தது. 1925இல் லோகன் பியர்சல் ஸ்மித் என்பவர் எழுதிய புத்தகத்தில்தான் அது பரவலாக அறிமுகமானது.

1930இல் ஒக்டன் என்ற ஆங்கிலேயர் உலகத்துக்கெல்லாம் இலகுவான ஆங்கிலம் தருகிறேன் என்று 850 சொற்களில் "பேசிக் இங்கிலிஷ்" என்று ஒன்றை உருவாக்கினார். அதில் வினைச்சொல் பதினெட்டுத்தான். மிச்ச வேலையை எல்லாம் இன், அவுட், அப், ஓஃப் போன்ற சின்னச் சொற்கள் செய்யும் என்பது அவர் கணக்கு. "என்டர்" வேண்டாம், "கோ இன்" போதும். கேட்க இலகுதான். ஆனால் பதினெட்டு வினையைப் படித்தவனுக்கு, அவற்றோடு வால் சேர்ந்து உண்டாகிற நூற்றுக்கணக்கான பொருளை யார் சொல்லிக் கொடுப்பது? சொல்லைக் குறைத்தால் சுமை குறையாது, வாலுக்கு மாறும்.

எங்கள் பக்கத்துக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு ஆங்கிலம் புதிதில்லை. 1823இலேயே அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கிவிட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். ஆனால் எங்களுக்கு ஆங்கிலம் வந்த வாசல் புத்தகமும் கோடும் கந்தோரும். ஆகவே அந்த வாசலால் வந்த சொற்கள்தான் எங்களுக்குப் பழக்கம். "போஸ்ட்போன்" தெரியும், "புட் ஓஃப்" தெரியாது. "எக்ஸ்டிங்குவிஷ்" எழுத்துக்கூட்டிச் சொல்வோம், "புட் அவுட்" என்றால் வெளியே வை என்போம். "டொலரேட்" தெரியும், "புட் அப் வித்" தெரியாது. லத்தீன் வழி வந்த பெரிய சொற்கள் எங்களிடம் உண்டு. வீட்டில், கடையில், ஆஸ்பத்திரியில் அவர்கள் கதைக்கிற சின்னச் சொற்கள் இல்லை. ஒருவன் சங்கத்தமிழ் படித்துவிட்டு எங்கள் ஊர்ச் சந்தையில் வந்து நின்றால் எப்படியோ, அப்படி.

இந்த வால் வேலை எங்களுக்குத் தெரியாததா? நாங்கள் காலையிலிருந்து இரவு வரை செய்கிறோம்.

"கிணறு வற்றிப் போச்சு." தீவில் வாழ்கிறவனுக்கு இதைவிடத் தெரிந்த வசனம் வேறு இல்லை. கிணறு எங்கே போச்சு? எங்கேயும் போகவில்லை. "போ" என்ற வினை இங்கே நடக்கிற வேலையைக் குறிக்கவில்லை. முழுக்க முடிந்தது, இனி இல்லை என்பதைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் அதே வேலையை "அப்" செய்கிறது. "த வெல் ஹாஸ் ட்ரைட் அப்." இங்கே "அப்" என்பது மேலே இல்லை. எங்கள் "போச்சு"தான் அது. தண்ணி முடிஞ்சு போச்சு என்றால் "ரன் அவுட் ஒவ்". எரிஞ்சு போச்சு என்றால் "பேர்ன் டவுன்". சாப்பிட்டு முடி என்றால் "ஈட் அப்".

எங்கள் வாலையே எண்ணிப் பாருங்கள். சொல்லிவிடு, சொல்லிப்போடு, சொல்லிவை, சொல்லிக்கொடு, சொல்லிக்கொள், சொல்லிப்பார். தலை ஒன்றுதான், "சொல்". வால் மாற மாற வேலை மாறுகிறது. "சொல்லிவை" என்றால் முன்கூட்டியே காதில் போடு. "சொல்லிக்கொடு" என்றால் படிப்பி, சில வீட்டில் கோள்மூட்டு என்றும் பொருள். "கைவிட்டான்" என்றால் கையை எங்கே விட்டான் என்று யாரும் கேட்பதில்லை. வெள்ளைக்காரன் ஒருவன் தமிழ் படிக்க வந்து "கை", "விடு" என்று இரண்டையும் அகராதியில் தேடினால் என்ன கிடைக்கும்? எங்கள் பிள்ளை "பாஸ்", "அவுட்" என்று தேடியதும் அதுதான்.

வித்தியாசம் இவ்வளவுதான். நாங்கள் வினைக்குப் பின்னால் இன்னொரு சின்ன வினையை ஒட்டுகிறோம். அவர்கள் வினைக்குப் பின்னால் திசை காட்டுகிற ஒரு சின்னச் சொல்லை ஒட்டுகிறார்கள். ஜேர்மனி, சுவிஸில் இருக்கிற எங்கள் உறவுகளுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். அந்த மொழியில் நித்திரையால் எழும்புவதைச் சொல்லும்போது "அவுஃப்" என்ற வாலை வினையிலிருந்து கழற்றி வசனத்தின் கடைசியில் கொண்டுபோய் வைப்பார்கள். வால் வரும்வரை காது காத்திருக்கவேண்டும்.

நான் இதை முதலில் உணர்ந்தது ஆங்கிலத்தில் இல்லை. 90இல் நாங்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருந்த காலம். சின்ன வயது. பள்ளி விட்ட பிறகு ஒரு சிங்கள முதலாளியின் கடையில் கூடமாட நிற்பேன். அவர் சாப்பிடப் போகும்போது "கடே பலாகன்ன" என்று சொல்லிவிட்டுப் போவார். கடையைப் பார்த்துக்கொள். ஒருவரும் எனக்கு இலக்கணம் சொல்லவில்லை. அவர் போனார், நான் நின்றேன், விளங்கிவிட்டது. பல வருடம் கழித்து ஆசிரியனான பிறகுதான் அதைப் பிரித்துப் பார்த்தேன். "பலா" என்றால் பார்த்து. "கன்ன" என்றால் எடு, கொள். எங்கள் "பார்த்துக்கொள்" அப்படியே. ஆங்கிலத்தில் "லுக் ஆஃப்டர்". இந்த நாட்டின் மூன்று மொழியும் பராமரிப்பதைச் சொல்லப் "பார்" என்ற சொல்லில்தான் தொடங்குகின்றன. மூன்றிலும் பராமரிப்பு இருப்பது வாலில்.

இதை நான் ஏன் என் வகுப்பில் இத்தனை வருடம் சொல்லவில்லை? புத்தகத்தில் பட்டியல் இருந்தது. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். இருபது இருபதாகப் பாடமாக்கச் சொன்னேன். பிள்ளைகள் பாடமாக்கினார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்தார்கள். பட்டியலில் "பாஸ் அவே"யும் "பாஸ் அவுட்"டும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. நினைவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. தலை எழுத்து வரிசையில் படித்தால் தலைதான் மனதில் நிற்கும்.

இன்னொரு சம்பவம். நயினாதீவில் படிப்பித்த காலத்தில் குறிகட்டுவானிலிருந்து தினமும் படகேறுவேன். ஒருநாள் கடல் கொஞ்சம் அடித்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண் உயிர்காப்பு அங்கியைத் தொட்டுக் காட்டிப் பக்கத்தில் இருந்த பெடியனிடம் "கேன் ஐ டேக் திஸ் ஓஃப்?" என்று கேட்டாள். அவன் "டேக்" என்பதைக் கேட்டான். எடுக்கலாமா என்று கேட்கிறாளாக்கும் என்று "யெஸ், யெஸ், டேக்" என்றான். அவள் நடுக்கடலில் அங்கியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். நான் எட்டிச் சொல்லித் திரும்பப் போட வைத்தேன். நல்லகாலம், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் "ஓஃப்" என்ற ஒரு வால் அன்று கடலில் விழுந்துவிட்டது.

இதில் படிக்கவேண்டிய ஒரு விசயம் இருக்கிறது, பட்டியலில் வராத விசயம். அவள் எப்படிச் சொன்னாள்? "ஓஃப்" என்பதை அழுத்திச் சொன்னாள். வால் வினையடையாக இருந்தால் பேச்சில் அழுத்தம் பொதுவாக வாலில் விழும். "புட் இட் ஒன்", "டேக் இட் ஓஃப்" என்னும்போது கடைசிச் சொல்தான் பலமாகக் கேட்கும். வால் முன்னிடைச்சொல்லாக இருந்தால் அழுத்தம் பெரும்பாலும் வினையில் விழும். "லுக் அட் இட்" என்னும்போது "லுக்"தான் கேட்கும். காதைப் பழக்கினால் இலக்கணம் தன்பாட்டில் வரும்.

அடுத்தது இடம். "புட் ஒன் த ஷேர்ட்" என்றும் சொல்லலாம், "புட் த ஷேர்ட் ஒன்" என்றும் சொல்லலாம். ஆனால் சட்டையை "இட்" என்று சொன்னால் அது நடுவில்தான் வரவேண்டும். "புட் இட் ஒன்" சரி. "புட் ஒன் இட்" என்றால் அதன் மேல் வை என்றுதான் கேட்பவருக்குப் படும். "லுக் ஆஃப்டர்" அப்படிப் பிரியாது. "லுக் ஆஃப்டர் ஹிம்" மட்டுந்தான். வினையடை கழன்று போய் நிற்கும், முன்னிடைச்சொல் தன் பெயரைப் பிடித்த பிடி விடாது. மூன்று துண்டாக வருகிற "ரன் அவுட் ஒவ்", "புட் அப் வித்" போன்றவற்றில் கடைசியில் இருப்பது முன்னிடைச்சொல். அதனால் பெயர் அதற்குப் பின்னால்தான். இந்த ஒரு பத்தியை விளங்கிய பிள்ளை அரைவாசிப் பிழையை விடாது.

இப்போது சிலர் கேட்பீர்கள், நாங்கள் கதைக்கிற ஆங்கிலம் எல்லாம் பிழையா என்று. இல்லை. பஸ்ஸால் இறங்குவதை நாங்கள் "கெட் டவுன்" என்கிறோம். லண்டனில் "கெட் ஓஃப்" என்பார்கள். கொழும்பிலிருந்து சாமான் எடுப்பிப்பதையும் நாங்கள் "கெட் டவுன்" என்கிறோம். இதெல்லாம் இலங்கை ஆங்கிலம். மைக்கல் மெய்லர் என்பவர் 2007இல் இலங்கை ஆங்கிலத்துக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டிருக்கிறார். ஒரு நாட்டுச் சனம் நூறு வருடத்துக்கு மேலாகக் கதைக்கிற மொழியைப் பிழை என்று சிவப்பு மையால் கோடு போட்டால் தீராது. எங்களுக்குள் "கெட் டவுன்" சொல்வோம். வெளியே போனால் "கெட் ஓஃப்" என்பது தெரிந்திருக்கட்டும். வீட்டில் உடுத்துகிற சாரம் வேறு, பயணம் போகிற உடுப்பு வேறு. இரண்டும் எங்களுடையதுதான்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? ஆங்கிலம் தெரியாது என்கிற எங்கள் ஆச்சிமாருக்கும் இந்த வால்கள் தெரியும். "மோட்டரை ஓஃப் பண்ணு", "லைட்டை ஒன் பண்ணு", "பற்றரி டவுன்", "ஆள் அவுட்". அவர்கள் "சுவிட்ச்" என்ற தலையை எறிந்துவிட்டு "ஓஃப்" என்ற வாலை வைத்துக்கொண்டார்கள். பொருள் எங்கே இருக்கிறது என்று பள்ளிக்கூடம் போகாத ஆச்சிக்குத் தெரிந்திருக்கிறது. வகுப்பில் நாங்கள்தான் தலைகீழாகப் படிப்பிக்கிறோம்.

ஆகவே என் கருத்து இதுதான். பட்டியலைக் கிழிக்கவேண்டும் என்று சொல்லவில்லை. வினை வரிசையில் படிப்பிப்பதை விட்டு வால் வரிசையில் படிப்பிக்கவேண்டும் என்கிறேன். கடந்த தவணையிலிருந்து நான் அப்படித்தான் செய்து பார்க்கிறேன்.

ஒரு கிழமைக்கு ஒரு வால். "ஓஃப்" கிழமை என்றால் ஓஃப் மட்டும். அதன் உள்ளே ஓடுகிற கருத்து பிரிதல், நிற்றல், விலகுதல். சப்பாத்தைக் கழற்றினால் டேக் ஓஃப். படகால் இறங்கினால் கெட் ஓஃப். லைட்டை அணைத்தால் சுவிட்ச் ஓஃப். சோளகத்தில் கடல் கொந்தளித்துப் படகுச் சேவையை நிறுத்திவிட்டால் கோல் ஓஃப். நாளைக்குத் தள்ளிவைத்தால் புட் ஓஃப். கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தீவாருக்கு விளங்காமல் இருக்குமா? ஒன்றுக்குத் துறையில் நின்று பார்க்கலாம், மற்றதுக்கு வீட்டுக்குத் திரும்பவேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒட்டுவினையோடு பொருள் சொல்கிறேன். "அப்" வந்தால் "விடு", "போ", "முடி" இவற்றில் ஒன்று பொருந்துமா என்று பிள்ளைகளே தேடுகிறார்கள். எல்லா இடத்திலும் பொருந்தாது. "கெட் அப்" என்பதில் அப் உண்மையாகவே மேலேதான். பொருந்தாத இடத்தில் ஏன் பொருந்தவில்லை என்று சண்டை பிடிக்கிறார்கள். அந்தச் சண்டைதான் படிப்பு.

மூன்றாவது, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வாலோடு சொல்லச் சொல்கிறேன். கெட் அப், புட் ஒன், கெட் ஒன், ஹோல்ட் ஒன், கெட் ஓஃப், கோ இன். பஸ்ஸிலும் பெரிய படகிலும் "கெட் ஒன்", ஆட்டோவிலும் காரிலும் "கெட் இன்" ஏன் என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். எழும்பி நடக்கக்கூடிய வாகனம் என்றால் பெரும்பாலும் ஒன், குனிந்து உள்ளே போய் இருக்கவேண்டியது என்றால் இன் என்றேன். "அப்ப வள்ளத்துக்கு, சேர்?" என்றாள். சின்ன வள்ளத்துக்கு "கெட் இன்" என்றேன். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளை முன்னிடைச்சொல்லைப் பற்றித் தானாகக் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "இண்டைக்கு எத்தனை சொல்லுப் பாடமாக்கினாய்?" என்று கேட்காதீர்கள். ஆங்கிலம் மூன்றாம் தரத்திலிருந்து பாடம், சாதாரண தரத்தில் கட்டாயப் பாடம். அத்தனை வருடம் படித்த பிள்ளை நான்கு வரி மெசேஜில் தடுமாறினால் பிள்ளையை ஏசாதீர்கள். எங்களை, ஆசிரியர்களை, மரியாதையோடு கேளுங்கள்.

வெளிநாட்டு உறவுகளே, உங்களுக்கான வேலை இது. உங்கள் பிள்ளைகளுக்கு இங்கே எழுதத் தமிழ் தெரியாவிட்டால் பரவாயில்லை, குரலில் பேசி அனுப்பச் சொல்லுங்கள். உடைந்த தமிழானாலும் "அப்பா மயங்கிட்டார்" என்ற இரண்டு சொல் போதும். ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும் என்றால் "ஃபெயின்டட்" என்று எழுதச் சொல்லுங்கள். பெரிய சொல்தான், ஆனால் அதற்கு வால் இல்லை. அகராதியில் பார்த்தால் ஒரே பொருள்தான் வரும். நல்ல சேதியோ கெட்ட சேதியோ ஒரு வயதான தாயின் கைக்கு நேராகப் போய்ச் சேரவேண்டும், நடுவில் மொழிபெயர்ப்புப் பரீட்சை வைக்கக்கூடாது.

அந்தப் பிள்ளையின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். இரண்டு கிழமை கழித்துக் கொப்பியோடு வீட்டுக்கு வந்தாள். லண்டன் மச்சானின் பழைய மெசேஜ்களை எல்லாம் எழுதி, வால் இருக்கிற இடமெல்லாம் கோடு போட்டிருந்தாள். "சேர், இவ்வளவு நாளும் நான் அரைவாசிதான் விளங்கியிருக்கிறன்" என்றாள். எனக்கும் அப்படித்தான் பிள்ளை என்றேன். அவளுடைய கொப்பியைத்தான் இன்ஷா அல்லாஹ் அடுத்த தவணை என் வகுப்பில் பாவிக்கப் போகிறேன். அவளிடம் கேட்டுவிட்டேன், தரச் சம்மதம்.

இந்தப் பதிவில் பிழை இருந்தால் தெரிந்த ஆசிரியர்கள் திருத்துங்கள். உங்கள் வீட்டிலும் இப்படி வால் அறுந்த கதை இருந்தால் கீழே எழுதுங்கள். சிரிக்கிறதுக்கு இல்லை, வகுப்பில் சொல்லிக்கொடுக்க.